நாற்பத்திரண்டாவது படிவம்

பொன்னாயியின் சாவில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

கோத்தகிரிக்குக் கீழே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இருந்தது அந்த எஸ்டேட். அங்கே இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள் நூற்றுக்கு மேல். யார் செத்தாலும் லயம் என்ற வரிசை வீடுகளின் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துப் பாடுவார்கள். செத்தவர் பேர், பெற்றவர் பேர், பிறந்த தோட்டத்தின் பேர் எல்லாம் சொல்லித்தான் பாடவேண்டும். பேர் சொல்லாவிட்டால் அது யார் சாவுக்கோ வைத்ததாகிவிடும்.

பொன்னாயியைக் கிடத்தியிருந்தபோது எந்தப் பேரைச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எஸ்டேட்டின் செக்ரோலில், அதாவது ஆட்களின் பேர்ப் பதிவேட்டில், அவள் தெய்வம்மா. அவள் மேல் விசாரணை முடியாமல் இருந்தது. பொன்னாயி என்று பாடினால் அவள் குடும்பத்துக்கு எதிரான சாட்சியாகும். தெய்வம்மா என்று பாடினால் அது பதினைந்து வருடத்துக்கு முன் கண்டிப் பக்கம் புதைத்த அவளுடைய அக்காளுக்குப் போகும். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் செல்லதுரை அன்று அழவில்லை. அதற்குப் பிறகு வந்த பதினொரு மாதத்திலும் அழவில்லை. கோயம்புத்தூரில் பி.ஏ. படித்தவன், எஸ்டேட் ஆபீஸில் கிளார்க், வயது இருபத்தேழு. காலையில் வேலையாட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கூப்பிட்டான். மத்தியானம் கணக்கு எழுதினான். கேட்டதற்குப் பதில் சொன்னான். மனைவி செத்த வீட்டில் மனைவியின் செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அவன் அதைத் தாண்டிப் போய் வந்தான்.

விஷயம் எண்பத்து மூன்றாம் வருடத்துத் தொடக்கத்தில் ஆரம்பித்தது. சென்னையிலிருந்து தனசிங் என்று ஒருவர் வந்தார். செங்காந்தள் என்ற கேசட் கம்பெனியின் ஆய்வுப் பிரிவு. மலைத் தோட்டத்து ஜனங்கள் என்ன பாடுகிறார்கள், எதைக் கேட்க விரும்புகிறார்கள், யாருக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று விவரம் சேர்க்க வந்திருந்தார். கையில் ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு தகரப் பெட்டி, அச்சடித்த படிவங்கள். பாடுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு படிவம். அதை நிரப்பித் தர எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமென்றார். எஸ்டேட் மானேஜர் துரை செல்லதுரையைக் கொடுத்தார்.

செல்லதுரைக்கு அது பெருமையாக இருந்தது. படிவத்தின் அடியில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. சொல்லப்படும் விவரங்கள் ஆய்வுக்கு மட்டுமே, வெளியே தரப்படமாட்டா என்று. அதை அவனே தமிழில் சொல்லிப் பெண்களுக்குத் தைரியம் கொடுத்தான். அவர்களுக்குத் தைரியம் தேவைப்படவும் இல்லை. மண்டபம் முகாமில் இறங்கிய நாளிலிருந்து அவர்கள் கண்டது ஒன்றுதான். யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள், குடும்ப அட்டை நம்பரைக் கேட்பார்கள், கைநாட்டு வாங்குவார்கள், பிறகு அரிசி வரும், ரயில் டிக்கெட் வரும், வீடு வரும். தாள் நீட்டியவனை ஏன் என்று கேட்டவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். அதனால் தனசிங் கேட்டதற்கெல்லாம் சொன்னார்கள். கேட்காததையும் சொன்னார்கள். குடும்ப அட்டையைக் கேட்குமுன்பே எடுத்து நீட்டினார்கள்.

நாற்பத்தொரு பேர் பாடினார்கள். பதினேழாவது ஆள் பொன்னாயி. அவள் பாடியது அக்காளுக்கு வைத்த ஒப்பாரி. பாடி முடித்ததும் தனசிங், "யாரம்மா அந்த அக்கா?" என்றார். பொன்னாயி செல்லதுரையைப் பார்த்தாள். சொல் என்று அவன்தான் தலையசைத்தான்.

அவள் சொன்னாள். அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டபோது மூத்தவள் தெய்வம்மாவின் பேரை மட்டும் எழுதினார். இளையவள் பொன்னாயி அத்தை வீட்டில் வளர்ந்ததால் அத்தையின் மனுவில் இருந்தாள். மனு பாஸாகி வருவதற்குள் தெய்வம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பாஸ்போர்ட் வந்தது, ஆள் இல்லை. பொன்னாயியைக் கூட்டிவந்து தெய்வம்மா என்று கப்பலேற்றினார்கள். எஸ்டேட் வேலையும் லயத்து வீடும் அந்தப் பேருக்குத்தான் கிடைத்தன.

சிறப்புக் குறிப்பு என்ற கட்டத்தில் அதைச் செல்லதுரை தன் அழகான கையெழுத்தில் எழுதினான். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினான்.

ஆறு மாதம் கழித்துக் கேசட் வந்தது. அட்டையின் உட்புறத்தில், 'அக்காளின் பெயரில் கப்பலேறிய தங்கை பொன்னாயி பாடும் ஒப்பாரி' என்று போட்டு, எஸ்டேட்டின் பேரும் டிவிஷன் நம்பரும் அச்சாகியிருந்தன. கோத்தகிரி பஜாரில் யாரோ படித்தார்கள். யாரோ மனு எழுதினார்கள். ஆபீஸுக்கு வந்த விசாரணைக் கடிதத்தைப் பிரித்தவன் செல்லதுரை. தபால் பிரிப்பது அவன் வேலை. செக்ரோலில் அவள் பேரை நிறுத்திவைத்துக் கோடு போட்டதும் அவன்தான். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். மூன்று தடவை ஊட்டிக்கு விசாரணைக்குப் போய் வந்தாள். மூன்றாவது தடவை திரும்பும்போது பஸ்ஸிலேயே உதிரப்போக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுடைய பேரென்ன என்று கேட்டார்கள். செல்லதுரை உடனே பதில் சொல்லவில்லை.

தனசிங் திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதே தகரப் பெட்டி. ஆபீஸ் வாசலில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன குளிர் தம்பி. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமாப் போச்சு. அட்டை அடிக்கிற பையங்க பண்ண வேலை. நான் அப்ப ஊர்லயே இல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, அந்தப் பாட்டுதான் நின்னுது. மத்ததெல்லாம் சும்மா. ஜனங்க கடைல வந்து கேட்டு வாங்குறாங்க."

செல்லதுரை பேனாவை மூடினான்.

"ரெண்டாவது கேசட் போடறோம். இந்தத் தடவை எல்லாம் சட்டப்படி. புதுப் படிவம். குரலும் விவரமும் கம்பெனி எப்படி வேணா உபயோகப்படுத்தலாம்னு ஒரு வரி சேர்த்திருக்கு. பழைய நாப்பத்தோரு பேர்கிட்டயும் மறுபடி கை வாங்கணும். நீங்க கூப்பிட்டா வருவாங்க." குரலைத் தாழ்த்தினார். "அவங்களுக்குப் பதிலா நீங்க போடலாம். புருஷன்தானே வாரிசு. அப்புறம், கல்யாண போட்டோ ஒண்ணு இருந்தா அட்டைக்கு நல்லா இருக்கும். அவங்க இல்லைங்கறதையும் ஒரு வரி போட்டுட்டா..."



பதினொரு மாதமாக மரத்துப்போயிருந்த இடத்தில் ஏதோ அசைந்ததைச் செல்லதுரை கவனித்தான். கால் மரத்துப்போய் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அப்படி. அவனுக்கு அது பிடித்திருந்தது.

"போட்டோ தரேன் சார். ஞாயித்துக்கிழமை எல்லாரையும் புள்ளக்காம்பராவுக்கு வரச் சொல்றேன். பழைய படிவங்களைக் குடுத்துட்டுப் போங்க. பேர் சரிபார்க்கணும்."

பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் கட்டடத்துக்குத்தான் அந்தப் பேர். ஞாயிறு அது காலியாக இருக்கும். தனசிங் பெட்டியையே வைத்துவிட்டு, "உங்ககிட்ட இருந்தா பேங்க்ல இருக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டுக் கோத்தகிரி லாட்ஜுக்குப் போனார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் ஆபீஸ் காலியானதும் செல்லதுரை பெட்டியைத் திறந்தான். நாற்பத்தொரு படிவங்கள், எல்லாம் அவன் கையெழுத்து. யாருடைய மகன் இன்னும் அக்கரையில் ஒளிந்திருக்கிறான், அவன் கடிதம் எந்த முகவரிக்கு வருகிறது. யார் முதல் புருஷனை விட்டு வந்தவள். யாருடைய பிள்ளை உண்மையில் யாருடையது. ஆய்வுக்கு உதவும் என்று நினைத்து ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தான். பதினேழாம் படிவத்தில் ஒரு கார்பன் நகல் குத்தியிருந்தது. தனசிங் கம்பெனிக்கு எழுதிய கடிதம். கீழே அவருடைய கையெழுத்து, தேதி.

'இந்தப் பெண்ணின் கதையை அட்டையில் அவசியம் போடவும். படிப்பவர்களை உருக்கும். பெயர், டிவிஷன் இருந்தால் உண்மை என்று நம்புவார்கள்.'

இரண்டு தடவை படித்தான். பழையபடி குத்திவைத்தான். பிறகு பெட்டியில் இருந்த மூலக் கேசட்டுகளைப் பார்த்தான். ஆளுக்கு ஒன்று, படிவத்தின் நம்பரே அதற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்த சிறு பல்லைத் தனசிங் உடைத்திருந்தார். அப்படி உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. அந்த ஓட்டையில் மடித்த காகிதத்தைத் திணித்தால் பதியும். போன வருடம் அதையும் அவரேதான் சொல்லிக்கொடுத்தார்.

சாயங்காலம் ஆண்டாயியின் வீட்டுக்குப் போனான். ஐம்பது வயது, கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து தோள் ஒரு பக்கம் இறங்கியவள். லயத்தில் ஒப்பாரியை எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

"வா தம்பி. அந்தப் பொட்டிக்காரர் வந்துட்டாராமே. இந்தத் தடவை யாரைக் கொல்லப் போறாராம்?"

செல்லதுரை கடிதத்தில் இருந்ததைச் சொன்னான். அவளுடைய படிவத்தையும் படித்துக் காட்டினான். மகனுடைய முகவரி வந்ததும் அவள் அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள்.

"நான் சொன்னதெல்லாம் அதுல அப்பிடியே இருக்கா?"

"நான்தான் எழுதினேங்க."

"நீ எழுதினே, நான் சொன்னேன். ரெண்டு பேருக்கும் புத்தி எங்க போச்சோ." ஊதுகுழலைத் தரையில் போட்டாள். "தாளைக் கொளுத்திட்டாப் போவுது."

"கொளுத்தினா மறுபடி வருவார். பயம் வரணும்."

"அடிக்கச் சொல்றியா? நம்ம லயத்துக் காத்தமுத்துகிட்டச் சொல்லு, காலை ஒடிப்பான்."

"ஒப்பாரி வைக்கணுங்க."

"யாருக்கு?"

"அவருக்கு. அவர் முன்னாலயே. அவர் மிஷின்ல."

 உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி வைப்பது அவனைப் புதைத்ததற்குச் சமம். கோபத்தில் சாபமிடுகிறவள்கூட அதைச் செய்யமாட்டாள்.

"அவர் வேதக்காரர். படிச்சவர். பயப்படுவாரா?"

"பதினஞ்சு வருஷமா ஒப்பாரியைத்தான் படிச்சிருக்கார். அது என்னான்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

"பேரு, ஊரு, ஆத்தா அப்பன் எல்லாம் வேணுமே தம்பி. தெரியாம எப்பிடிப் பாடறது?"

"அதை அவர்கிட்டயே கேட்டு வாங்கலாங்க."

அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணில் ஏறிய புகையைத் துடைத்தாள். "பொன்னாயிக்கு அன்னைக்கு வாயைத் திறக்கல. அது இன்னும் நெஞ்சுக்குள்ளயே கெடக்கு," என்றாள். "வரேன்."

ஞாயிறு காலை புள்ளக்காம்பராவில் நாற்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மூட்டம். தூளிக் கயிறுகள் உத்தரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தன. தனசிங் கோட்டும் மப்ளருமாக நாற்காலியில். டேப் ரெக்கார்டர் செல்லதுரையின் முன்னால்.

"எல்லாரும் கை வச்சிட்டா அப்புறம் பாட்டு," என்றார் தனசிங்.

ஆண்டாயி எழுந்தாள். "ஐயா, போன தடவை நாங்கதான் எல்லாம் சொன்னோம். எங்க ஆத்தா பேரு, அப்பன் பேரு, படுக்கிற பாயி வரைக்கும். இந்தத் தடவை நீங்க சொல்லுங்க. கேட்டுட்டுக் கை வைக்கிறோம்."

பெண்கள் சிரித்தார்கள். "ஆமா, மாப்பிள்ளை யாருன்னு தெரியாம எப்பிடி?" என்றாள் ஒருத்தி.

தனசிங்கும் சிரித்தார். ஜனங்களோடு பழகத் தெரிந்தவர் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஓர் எண்ணம் உண்டு. "கேளுங்க, கேளுங்க."

செல்லதுரை ஒரு புதுப் படிவத்தை எடுத்தான். நம்பர் 42 என்று போட்டான். ஒவ்வொன்றாகக் கேட்டான். அப்பா கொர்னேலியஸ், உபதேசியார். அம்மா தபித்தாள். ஊர் தேரிக்காட்டுப் பக்கம். இப்போது வீடு புரசைவாக்கத்தில், கிணற்றடிச் சந்தில், மாடியில்.

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. ஐவி. ஏழு வயசு. நல்லாப் பாடுவா."

"சிறப்புக் குறிப்பு ஏதாவது?"

தனசிங் யோசித்தார். பெண்களின் கண்கள் எல்லாம் அவர்மேல் இருந்தன. "அவளுக்கு முன்னால ஒண்ணு பிறந்து தங்கல. அதை நாங்க யார்கிட்டயும் சொல்றதில்ல. அவகிட்டக்கூட," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்ததுபோல மப்ளரைச் சரிசெய்தார்.

செல்லதுரை எழுதினான். படிவத்தைத் திருப்பி நீட்டினான். தனசிங் கடைசி வரியைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். எப்படி வேண்டுமானாலும் உபயோகப்படுத்தலாம் என்ற அந்த வரி அவர் அச்சடித்துக் கொண்டுவந்ததுதான்.

செல்லதுரை பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தான். மடித்த காகிதம் ஏற்கெனவே அதன் முதுகில் திணித்திருந்தது. நம்பர் 17. அதைத் தொடாமல் காலி கேசட் ஒன்றைப் போட்டிருக்கலாம். வாங்கிவைத்தும் இருந்தான். ஆனால் தனசிங்குக்குப் பிரியமானது எதுவோ அதுவே அழிய வேண்டும் என்று நேற்று மத்தியானமே முடிவு செய்திருந்தான். அது தனக்கும் பிரியமானதுதான் என்பதை அதற்குமேல் யோசிக்கவில்லை.

பட்டனை அழுத்தினான். ஆண்டாயியைப் பார்த்தான்.

அவள் கால்களை நீட்டி உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். தனசிங் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

*தேரிக்காட்டு மண்ணுலயே தெறிச்சு வந்த பனங்குருத்தே*
*தேயிலை மலை ஏறி வந்து தேகம் சாஞ்சு போனதென்ன*
*கொர்னேலியசு பெத்த மகன் கோட்டு போட்ட தனசிங்கே*
*கூப்பிட்டா எந்திரிக்காமக் கொறட்டு மேல கெடப்பதென்ன*

நாற்பது கைகள் மாரில் விழுந்தன. தனசிங்கின் சிரிப்பு எப்போது போனது என்று செல்லதுரை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இரண்டாவது வரியில் போனது.

"என்ன தம்பி இது? நிறுத்தச் சொல்லுங்க."

"ஆய்வுக்குத்தான் சார்."

*தபித்தா அழுகிறாளே தலைவாசல் படியினிலே*
*புரசவாக்கம் சந்துக்குள்ள பொட்டியில போறவரே*

"எங்க அம்மா உயிரோட இருக்காங்க," என்றார் தனசிங். யாரும் கேட்கவில்லை. எழுந்து நின்றார். காதைப் பொத்தினார், எடுத்தார். பதினைந்து வருடமாக ஊர் ஊராகப் போய் இந்த ராகத்தைச் சேர்த்தவருக்கு அடுத்து யார் பேர் வரும் என்று தெரியும். பெற்றவர்களுக்குப் பிறகு பிள்ளைகள்.

செல்லதுரை ஆண்டாயியின் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னான். "ஐவி."

"பிள்ளை பேரு வேண்டாம்." தனசிங்கின் குரல் உடைந்தது. "அம்மா, உங்க காலைப் பிடிக்கிறேன். பிள்ளை பேரை எடுக்காதீங்க."

ஆண்டாயி நிறுத்தினாள். கைகளும் நின்றன.

"ஐவி," என்றான் செல்லதுரை மறுபடி. "அதுக்கு முன்னால ஒண்ணு."

"எடுக்க மாட்டேன் தம்பி."

"அவ வயித்துல இருந்ததுக்குப் பேரே வைக்கல."

"தெரியும். அந்தப் புள்ளைக்காகத்தான் சொல்றேன். எடுக்க மாட்டேன்." தனசிங் பக்கம் திரும்பினாள். "உக்காருங்க ஐயா. பேரு வெளிய போனா எங்க வலிக்கும்னு இப்பத் தெரியுதா?"

தனசிங் உட்கார்ந்தார். நெற்றி வேர்த்திருந்தது. செல்லதுரை பட்டனைத் தட்டி நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்துக் காட்டினான். நம்பரைப் பார்த்ததும் தனசிங் அவனை வெறித்தார்.

"அது... அவங்க பாட்டு. மூலம் அது ஒண்ணுதான்."

"இப்ப உங்க பாட்டு. விவரமெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கம்பெனிக்கு நானே அனுப்பறேன். பெயர், சந்து எல்லாம் இருந்தாத்தான் உண்மைன்னு நம்புவாங்க."

தன் கடிதத்து வரியைத் தனசிங் அடையாளம் கண்டுகொண்டார். 

"என்ன வேணும்?"

"தாளும் கேசட்டும் யார் சொன்னாங்களோ அவங்களுக்குப் போகணும். ஒவ்வொருத்தரா."

அப்படியே நடந்தது. செல்லதுரை ஒவ்வொருத்தியையும் ஜன்னலோரம் அழைத்து, அவளுடைய தாளை மட்டும் அவள் காதுக்கு மட்டும் படித்துக் காட்டினான். கேட்டு முடித்தவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்து, கேசட்டையும் எடுத்துக்கொண்டு, கொளுத்தக் கீழே ஃபாக்டரி அடுப்புக்கு நடந்தாள். ஞானசுந்தரி மட்டும் தாளையும் கேசட்டையும் திருப்பிக் கொடுத்தாள். "என்னுது போகட்டும். நான் பாடினது கோயில் பாட்டுத்தானே. பேரைப் பெருசாப் போடச் சொல்லுங்க."

தனசிங் பெட்டியில் ஒரே ஒரு படிவத்தோடு எழுந்தார். "அந்தக் கேசட்?"

"பெட்டியில பூட்டி இருக்கும் சார். வெளிய வராது."

போன வருடம் அவர் சொன்ன வார்த்தைகள்தான். தனசிங் மிஷினையும் தூக்கிக்கொண்டு மூட்டத்துக்குள் இறங்கிப் போனார்.

 ஆண்டாயி சுற்றிப் பார்த்தாள். காதுள்ள பொருள் எதுவும் அங்கே இல்லையென்று உறுதிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தாள். "பொன்னாயி," என்று அழைத்தாள். அந்தப் பேரோடு ஆரம்பித்தாள். செல்லதுரை கதவுக்கு வெளியே போய் நின்றான். பாட்டு முடியும்வரை நின்றான். முகம் நனைந்திருந்தது. மூட்டத்தில் நின்றால் அப்படித்தான் நனையும்.

அடுத்த வாரம் கோத்தகிரியில் ஒரு ரேடியோ கடையில் கேசட்டை ஓடவிட்டுக் கேட்டான். அன்று பட்டனை அழுத்துவதற்கு முன் டேப் கொஞ்சம் ஓடியிருந்திருக்கிறது. தொடக்கத்தில் அவனுடைய பழைய குரல், ஆபீஸ் தோரணையில்.

"பேரு?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்?" பொன்னாயி சிரிக்கிறாள். சிரிப்பு பாதியில் வெட்டுப்பட்டு, தேரிக்காட்டு மண் என்று ஆண்டாயி எடுக்கிறாள்.

தனசிங்கிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வந்தது. கேசட்டை அனுப்பிவைக்க முடியுமா, இல்லையென்றால் அழித்துவிட்டதாக ஒரு வரியாவது எழுத முடியுமா என்று. ஐவிக்கு லேசாகக் காய்ச்சல் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. செல்லதுரை தபால் பிரிப்பவன். பிரித்தான், தேதி முத்திரை குத்தினான், நாற்பத்திரண்டாவது படிவத்தின் பின்னால் சேர்த்துக் கட்டி, கேசட்டோடு அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

பதில் எழுதவில்லை.